கருப்பனார் சோலையில் இரண்டு புரோட்டா

திண்ணனூர் நாடு,
கொல்லிமலை.
4.9.2024

அன்புள்ள அண்ணன் தமிழ்செல்வனுக்குத் தங்கை அருள்மொழி எழுதுவது.

நாமக்கல்லில் நீ, அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் சுகந்தானே? இங்கே உன் மாப்பிள்ளை சுகம், மாமியார் சுகம், சத்யா சுகம், மிளகுக் கொடிகூடச் சுகம். நான் ஒருத்திதான் சுகமில்லை.

போன் இருக்கும்போது கடிதமா என்று சிரிப்பாய். எங்கள் ஊரில் டவர் கிடைப்பது ஒரே ஒரு பாறை மேல்தான். அது ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. நான் அங்கே நின்று "அண்ணா" என்று ஆரம்பித்தால், சுற்றி நிற்கிற நாலு பேர் பேச்சை முடித்து வைக்கிறார்கள். அதனால் தபால்காரர் குழந்தைசாமி அண்ணனை நம்பி எழுதுகிறேன்.

நேற்று சோளக்காட்டுச் சந்தை முடிந்து, பஸ் விட்டு இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்கு ஏறினேன். பாதி ஏற்றத்தில் உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது. பிறகு கழுத்து, காது மடல், இடுப்பு. நாம் பிறந்த திருப்புலி நாட்டில் இல்லாத வழக்கம் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. அடிவாரத்தில் தூக்கிய சுமையைக் கருப்பனார் சோலையில்தான் இறக்க வேண்டும். நடுவில் இறக்கினால் வழிக்காவல் சாமிக்கு அவமரியாதையாம். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். சோலைக்குள் கால் வைத்ததும் உதடு வீங்கி, மூச்சு இழுத்து, கண் இருட்டி விழுந்துவிட்டேன். விழித்தபோது பக்கத்து வீட்டுப் பொன்னாயி என் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது.

இது இரண்டாவது தடவை. ஆடியிலும் இதே சோலையில் இதேபோல் விழுந்தேன். அப்போது மாமியார் காணாக்கடி என்றார், கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சி கடித்துவிட்டதாம். இப்போது பூச்சியை விட்டுவிட்டார்கள். "கருப்பு அடிச்சிருச்சு" என்கிறார்கள். ஊர்க்கவுண்டர் சின்னுசாமி மாமா வீட்டுக்கே வந்து, "அம்மிணி, என்ன தப்புப் பண்ணுன, நல்லா யோசிச்சுப் பாரு" என்றார். யோசித்தேன். மாமியார் சுருக்குப் பையிலிருந்து கேட்காமல் ஒரு பாக்கு எடுத்திருக்கிறேன். ஒரு பாக்குக்கா இந்த அடி?

அண்ணியிடம் சொல்லிவிடு. நீ ராத்திரி தூங்காமல் கிடக்காதே.

உன் தங்கை,
அருள்மொழி


நாமக்கல்
15.9.2024

தங்கச்சி அருள்மொழிக்கு,

எங்கள் எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. உன் கடிதம் வந்த பிறகு மனசுதான் நன்றாக இல்லை. பட்டறையில் லாரிக்கு பாடி கட்டும்போது ஆணியை விட்டுவிட்டு விரலில் அடித்துக்கொண்டேன்.

நீ கோபப்படாமல் கேட்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு தடவை என்றால் எனக்கே பயமாக இருக்கிறது. ஒரு கெடா வெட்டிக் கும்பிட்டுவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது? செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். சாமி விஷயத்தில் வாய் வேண்டாம் கண்ணு. சின்ன வயசில் ஐயனார் குதிரை மேல் ஏறி உட்கார்ந்தவள்தானே நீ, எனக்கு அதெல்லாம் ஞாபகம் வருகிறது.

அந்தச் சோலை வழியாகக் கொஞ்ச நாள் போகாதே. மாப்பிள்ளை என்ன சொல்கிறார்? அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

சத்யாவுக்கு மாமன் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
தமிழ்செல்வன்


திண்ணனூர் நாடு
1.10.2024

அண்ணனுக்கு,

உன் விரல் ஆறிவிட்டதா? ஆறியிருந்தால் இன்னொரு தடவை அடித்துக்கொள். கெடா வெட்டச் சொன்னாயே, அதற்கு!

அதே சோலையில் மூன்றாவது தடவையும் விழுந்துவிட்டேன். இந்தத் தடவை வாந்தி வேறு. நாலு பேர் என்னைக் கட்டிலோடு தூக்கி ரோட்டுக்குக் கொண்டுபோய், ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாடி கிடைக்கவில்லை என்று நர்சு பதறியது எனக்கு அரைகுறையாகக் காதில் விழுந்தது. ஊசி போட்டதும் உயிர் திரும்பியது. "அலர்ஜிம்மா, கத்திரிக்காய், கருவாடு, முட்டை எதுவும் சேர்க்காதீங்க" என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு நான் இந்த மூன்றையும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை அண்ணா. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

ஊருக்குத் திரும்பினால் இங்கே கூட்டம் போட்டு முடித்துவிட்டார்கள். நான் இனிமேல் சோலை வழியில் நடக்கக் கூடாதாம். ஓடையைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டுமாம். தையில் ஒவ்வொரு வீட்டு மருமகளும் புதுச் சாமையைப் பானையில் சுமந்து போய்ச் சோலையில் பொங்கல் வைப்பது வழக்கம். எங்கள் வீட்டுப் பானை இந்த வருஷம் கிடையாதாம். பள்ளிக்கூடத்தில் சத்யாவை "கருப்பு அடிச்சவ மக" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அழுதுகொண்டு வந்தாள்.

நான் கூட்டத்திலேயே கேட்டேன். "ஏனுங்க மாமா, புல்லுக்கட்டு தூக்கிக்கிட்டு வாரத்துல அஞ்சாறு தடவ அந்தச் சோலையத் தாண்டித்தான போறேன்? அப்பெல்லாம் கருப்பனார் தூங்கிட்டு இருந்தாருங்களா?" ஊர்க்கவுண்டருக்கு முகம் சுண்டிப்போனது. "வாய் ரொம்ப நீளமாப் போச்சு" என்று மாமியாரைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அடுத்த தடவை நான் எழுந்திருக்காமலே போய்விடுவேனோ என்று எனக்கும் பயம்தான். அதைச் சத்யாவிடம் காட்டிக்கொள்ள முடியாது. உன்னிடம் சொல்கிறேன்.

அருள்மொழி


நாமக்கல்
11.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இரண்டு திட்டு வாங்கினேன். ஒன்று உன் கடிதத்தில், இன்னொன்று உன் அண்ணி பூங்குழலியிடம். "கூடப்பிறந்தவ உசுரு போய் வந்திருக்குது, கெடா வெலை பேசறீங்களா?" என்று கரண்டியோடு நின்றாள். இரண்டும் எனக்கு வேண்டியதுதான்.

பூங்குழலியின் தங்கை மகனுக்கு வீசிங் இருந்ததே, அவனைப் பார்த்த டாக்டரம்மா சேலத்தில் இருக்கிறார். ஒவ்வாமைக்கென்றே தனியாகப் படித்தவர். போனில் கேட்டேன். கையில் சொட்டு விட்டுப் பரிசோதனை செய்வார்களாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை ஒரு வாரம் முன்னாலேயே நிறுத்திவிட்டு வரவேண்டும், இல்லையென்றால் எதற்கும் தடிக்காமல் கை பொய் சொல்லிவிடுமாம். அந்த ஒரு வாரம் சுமை தூக்காதே, ஏற்றம் ஏறாதே. சத்யாவை மாமியாரிடம் விட்டுவிட்டு வா. முதல் பஸ்ஸில் ஏறு, நான் நாமக்கல்லில் நிற்கிறேன்.

போன கடிதத்தில் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். நீ பதில் எழுதவில்லை. கூட்டத்தில் அவர் இருந்தாரா, என்ன பேசினார்? எழுத விருப்பமில்லை என்றால் விடு.

உன் வரவை எதிர்பார்த்து,
தமிழ்செல்வன்


திண்ணனூர் நாடு
6.11.2024

அண்ணா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அண்ணி கொடுத்த முறுக்கு கொண்டை ஊசி வளைவிலேயே பாதி தீர்ந்துவிட்டது. கையில் டாக்டரம்மா கீறிய இடங்கள் மறைந்துவிட்டன. கோதுமைச் சொட்டு விட்ட இடம் மட்டும் சத்யா பார்த்துச் சிரிக்கிற அளவுக்குக் கொசுக்கடியாக வீங்கி இருந்தது.

அங்கே டாக்டரம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் திருதிருவென்று விழித்தேன். "கோதுமை சாப்பிட்டா ஏதாவது பண்ணுமா?" என்றார். வீட்டில் ரேஷன் கோதுமையில் சப்பாத்தி போட்டு ராத்திரி தின்றுவிட்டுப் படுக்கிறேன், ஒன்றும் ஆனதில்லையே என்றேன். அவர் புருவத்தைச் சுருக்கி, "அப்ப வேற என்னமோ இருக்குது. ஊருக்குப் போய் நிதானமா யோசிங்க. விழுந்த ஒவ்வொரு நாளும் என்ன சாப்பிட்டீங்க, அப்புறம் என்ன செஞ்சீங்க, எழுதி அனுப்புங்க" என்றாரே. யோசித்து எழுதுகிறேன். ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கப் போகும்போது இந்தக் கடிதத்தையே காட்டிவிடு.

ஆடியில் சத்யாவைப் படகில் ஏற்ற வாசலூர்பட்டிக்குக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே கடையில் புரோட்டா தின்றோம். பஸ் விட்டு இறங்கி, அவளையும் சாமானையும் தூக்கிக்கொண்டு ஏறினேன். சோலையில் விழுந்தேன்.

இரண்டாவது, சந்தையன்று. சந்தைக்குப் போனால் புரோட்டா சால்னா தின்னாமல் எவளும் திரும்ப மாட்டாள். வீட்டில் தினமும் சாமையும் ராகியும் மரவள்ளிக் கிழங்கும் தின்று நாக்கு செத்துப்போயிருக்கும். தின்றேன், மூட்டையோடு ஏறினேன், சோலையில் விழுந்தேன்.

மூன்றாவது தடவை பயந்துபோய்ப் புரோட்டாக் கடைப் பக்கமே போகவில்லை. ஒரு பன், ஒரு டீ. முதுகு வலி என்று ஒரு வலி மாத்திரையும் போட்டேன், மூட்டையோடு ஏறினேன். அன்றைக்குத்தான் நாடி போனது. இதனால்தான் அண்ணா, சாப்பாடு காரணமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோலையைத் தாண்டிய மற்ற நாளெல்லாம் சாமைச் சோறுதான். அன்றைக்கெல்லாம் ஒன்றும் இல்லை. டாக்டரம்மாவிடம் இதையும் சொல். எனக்குச் சாமி கோபமா இல்லையா என்பதை அவர் சொல்ல வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தங்கை,
அருள்மொழி


நாமக்கல்
19.11.2024

அருமைத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். நீயும் இனி நலமாக இருப்பாய். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்குகிறது, சிரிக்காதே.

டாக்டரம்மா உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். நீ எழுதிய மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, புரோட்டா, புரோட்டா, பன் என்ற மூன்றுக்கும் கீழே கோடு போட்டார். பிறகு ஏறினேன், ஏறினேன், ஏறினேன் என்பதற்குக் கீழே கோடு போட்டார். ரத்த முடிவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கிடைச்சிருச்சு" என்றார்.

புரோட்டா மைதா, பன் மைதா. மைதாவும் கோதுமைதான் அருளு. உனக்குக் கோதுமை மட்டும் தனியாகப் போனால் ஒன்றும் செய்வதில்லை. ஏற்றம் மட்டும் ஏறினாலும் ஒன்றும் இல்லை. கோதுமையைத் தின்றுவிட்டு, அது வயிற்றில் இருக்கும்போதே மூச்சு வாங்க உழைத்தால், உடம்பின் காவல்காரன் அதைத் திருடன் என்று நினைத்து வீட்டையே அடித்து நொறுக்குகிறான். வலி மாத்திரை அவன் கையில் தடியைக் கொடுக்கிறது. சப்பாத்தி தின்றுவிட்டுப் படுத்தாய், அதனால் தப்பித்தாய். இப்படி ஒரு வியாதி இருப்பதாகப் புத்தகத்திலேயே இருக்கிறதாம். அபூர்வம்தான், ஆனால் புதுசு இல்லையாம்.

உங்கள் ஊர்ச் சுமை வழக்கத்தைச் சொல்லி, அந்தச் சோலையில் ஏன் விழுந்தாய் என்றும் கேட்டேன். "நடுவுல சுமையை இறக்கவே கூடாதுங்கிறீங்களே. அரிக்கும்போதே இறக்கி வச்சு உட்கார்ந்திருந்தா மூணு தடவையும் அரிப்போட நின்னிருக்கும். நிக்காம ஏறி முடிக்கிற இடம் அது, அவ்வளவுதான்" என்றார்.

இனி புரோட்டா, பன், ரவை, சேமியா, பிஸ்கட் எதுவும் வேண்டாம். சாமை, தினை, ராகி, அரிசி எல்லாம் தின்னலாம். உங்கள் ஊர்ச் சாப்பாடே உனக்கு மருந்து என்று சிரித்தார். வலி மாத்திரையைக் கேட்காமல் போடாதே. தவறிப்போய்க் கோதுமை உள்ளே போய்விட்டால் அன்றைக்குப் பொழுது சாயும்வரை உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அரித்தால் அந்த இடத்திலேயே சுமையை இறக்கு. மூச்சு இழுத்தால் அவர் சொல்லிக்கொடுத்தாரே, தொடையில் குத்துகிற ஊசி, யோசிக்காமல் குத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. ஊசியைத் தெரிந்தவர் மூலம் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். எங்கே போனாலும் மடியில் இருக்கட்டும்.

கெடா என்று எழுதிய என் கையை நானே கிள்ளிக்கொள்கிறேன். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு.

அண்ணன்


திண்ணனூர் நாடு
9.12.2024

அண்ணனுக்கு,

ஊசி வந்தது. மடியில் வைத்திருக்கிறேன். அண்ணியின் கால் வலி தேவலையா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். மாமியார் பாப்பாயி எனக்கு முற்றிவிட்டது என்று நினைத்து விபூதி எடுக்கப் போனார். எனக்கு வந்தது ஒரு வியாதி, அவ்வளவுதானே! பெயர் உள்ள வியாதி! அன்றைக்கே சாமைச் சோறு தின்றுவிட்டு, மூட்டையோடு, போகாதே என்று சொன்ன சோலை வழியாகவே ஏறினேன். சோலையில் சுமையை இறக்கி, ஊரே பார்க்க நிமிர்ந்து நின்றேன். ஒரு தடிப்பு இல்லை.

இதோடு முடிந்தது என்றுதானே நினைப்பாய்? ஊர்க்கவுண்டர் வந்தார். "பாத்தீங்களா, கருப்பனாரு மனசு எளகிட்டாரு. அம்மிணிய மன்னிச்சுட்டாரு" என்றார்! மன்னித்ததற்குக் காணிக்கையாக ஒரு கெடா வெட்டிவிட்டால் தையில் நான் பானை தூக்கலாமாம். மாமியார் கெடாவுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா சொன்னதை ஆதியிலிருந்து சொன்னேன். "புரோட்டா நாங்களுந்தான் திங்கறோம், எங்களுக்கு ஏன் வல்ல?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கெடா பெரிய விஷயமில்லை அண்ணா. வெட்டினால் நான் ஏதோ தப்புச் செய்தேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். என் மகள் கல்யாணம் வரைக்கும் அந்தப் பேச்சு வரும். தப்பே செய்யாதவளுக்கு எதற்கு மன்னிப்பு? அது எவ்வளவு பெரிய சாமியாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இவர்கள் வாயை எப்படி அடைப்பது என்று கண்டுபிடித்துவிட்டேன். அடுத்த சந்தையன்று இரண்டு புரோட்டா வாங்கப் போகிறேன். சோலையில் வைத்து, எல்லார் கண் முன்னாலும்.

மற்றவை நேரில்.

அருள்மொழி


நாமக்கல்
13.12.2024

அருளு,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. பைத்தியமா உனக்கு? என்ன செய்யப் போகிறாய்? புரோட்டாவைத் தின்றுவிட்டு ஏறிக் காட்டப் போகிறாயா? போன தடவை நாடி போனது மறந்துவிட்டதா? அவர்கள் நம்பாவிட்டால் போகட்டும், கெடாவை வெட்டிவிட்டு உயிரோடு இரு. உனக்கு வீம்பு பெரிதா, சத்யா பெரிதா?

இந்தக் கடிதம் கிடைத்ததும் அந்தப் பாறைக்குப் போய் எனக்குப் போன் செய். ஊரே கேட்டாலும் பரவாயில்லை.

தமிழ்செல்வன்


நாமக்கல்
24.12.2024

தங்கச்சிக்கு,

போன் இல்லை, கடிதம் இல்லை. நேற்று ஊர்க்கவுண்டர் வீட்டுக்கே போன் போட்டேன். அவர் சம்சாரம் பெருமாயி எடுத்தார். "உங்க தங்கச்சி செஞ்ச காரியத்த ஊரே பேசுதுங்க, சோலையில போயி" என்றார். டவர் போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனை தடவை போட்டும் கிடைக்கவில்லை.

பூங்குழலி சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நாளைக் காலையில் நான் கிளம்பி வருகிறேன். இதைப் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். எனக்கு முன்னால் உன் கைக்கு வந்தால், நீ உயிரோடு இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதி அதே பஸ்ஸில் கொடு.

அண்ணன்


திண்ணனூர் நாடு
24.12.2024, சாயங்காலம்

அண்ணா,

உயிரோடு இருக்கிறேன். ஒரு வரி கேட்டாய், நான் ஒரு வரியில் நிற்கிறவளா? கிளம்பி வராதே, முதலில் படி. உன் முந்தின கடிதம் எனக்குச் சந்தைக்கு மறுநாள்தான் கிடைத்தது. அதைப் படித்தபோது பதில் எழுத வெட்கமாக இருந்தது. அதனால்தான் இத்தனை நாள்.

நான் என்ன அவ்வளவு மடச்சியா, தின்றுவிட்டு ஏற? அதைத் திருப்பிப் போட்டேன்.

வெறும் வயிற்றோடு, கையில் புரோட்டாப் பொட்டலத்தோடு ஏறினேன். சோலையில் சுமையை இறக்கினேன். கருப்பனார் கல்லுக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்தேன். மூச்சு அடங்குகிறவரை காத்திருந்தேன். சந்தைக்குப் போனவர்கள் ஒவ்வொருத்தராக வந்து சுமையை இறக்கினார்கள். எல்லாரும் வந்த பிறகு பொட்டலத்தைப் பிரித்தேன்.

"ஏம்புள்ள, என்ன பண்ற?" என்று கத்தினாள் பொன்னாயி.

"என்னைய அடிக்கிறது கருப்பனாருன்னா, இதோ அவரு மடியிலயே உக்காந்திருக்கறேன். அடிக்கட்டும். அடிக்கிறது புரோட்டாவும் ஏத்தமும்னா, நான் ஏறப்போறதில்ல. ஒண்ணும் ஆகாது. பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருப்பேன், எல்லாரும் பாருங்க" என்று சொல்லி, ஒரு புரோட்டாவை முழுசாகத் தின்றேன்.

ஆள் அனுப்பி ஊர்க்கவுண்டரைக் கூட்டி வந்தார்கள். மாமியார் மாரில் அடித்துக்கொண்டு வந்தார். என் முகத்தில் எப்போது தடிப்பு வரும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மடியில் இருந்த ஊசியைப் புடவைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தேன். உள்ளங்கை வேர்த்ததை அரிப்பு என்று நினைத்து ஒரு தடவை செத்துப் பிழைத்தேன்.

நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று. நான் பதில் எழுதாததற்குக் காரணம், அவர் எதுவும் சொல்லவில்லை. முதல் தடவை விழுந்தபோதும் சொல்லவில்லை. கூட்டத்தில் எனக்கு வழி இல்லை என்று முடிவு செய்தபோது மூலையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் என்னைத் தூக்கிக்கொண்டு போன நாலு பேரில் அவர் ஒருத்தர், அப்போதும் வாய் திறக்கவில்லை. அதை உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

வெயில் இறங்குகிற நேரத்துக்கு வந்தார். மிளகுக்கு ஏணி கட்டிக்கொண்டிருந்தவர், கயிறு தோளிலேயே கிடந்தது. கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மீதி இருந்த புரோட்டாவை எடுத்துப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தார்.

மாமியார், "ஏன்டா தனபாலு, உனக்கும் கிறுக்குப் புடிச்சிருச்சா? எந்திரிடா!" என்றார்.

"அவ எந்திரிக்கிறப்ப நானும் எந்திரிக்கறேன்" என்றார் இவர். ஊர்க்கவுண்டர் ஏதோ சொல்ல வாய் எடுத்தார். இவர் அவரை நிமிர்ந்து பார்த்து, "மாமா, கெடா எங்கூட்டுக் கெடா. அது மேயட்டும்" என்றார்.

அவ்வளவுதான் அண்ணா பேச்சு. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் ஊருக்கு முன்னால் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் மூச்சு வாங்குமே என்று அதையும் அடக்கிக்கொண்டேன். பொழுது சாய்ந்தது. ஒரு தடிப்பு இல்லை. ஊர் ஒவ்வொருத்தராகக் கலைந்தது. இரண்டு பேரும் மெதுவாக, நின்று நின்று, வீடு வந்து சேர்ந்தோம். சுமையை அவர் தூக்கிக்கொண்டார்.

பயப்படுத்தியதற்கு என்னைத் திட்டு. பூங்குழலி அண்ணியை எழுந்திருக்கச் சொல்.

உன் வாயாடி,
அருள்மொழி


திண்ணனூர் நாடு
5.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலமாக இருப்பீர்கள். நான் கோதுமை படாமல் நலமாக இருக்கிறேன். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டதையும், உட்கார்ந்திருந்தால் எப்போதும் தப்பிக்கலாம் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது என்று சொன்னதையும் எழுதியிருந்தாய். அவரிடம் சொல்லிவிடு, சத்யா மேல் சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன். இனிமேல் புரோட்டாவை மோந்துகூடப் பார்க்க மாட்டேன். உன் மாப்பிள்ளைக்கும் ஊசி குத்தப் பழக்கிவிட்டேன். வாழைத்தண்டில் குத்திக் குத்திப் பழகினார்.

தைப் பொங்கலுக்குப் பானை தூக்கினேன். கெடா வெட்டவில்லை. ஊர்க்கவுண்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், அது போதும். ஊர் முழுக்க நம்பிவிட்டது என்று நினைக்காதே. போன சந்தையன்று எவனோ கருப்பனார் கல்லுக்கு முன்னால் ஒரு புரோட்டாவைப் படையல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்! அவருக்கு அது பிடித்துப்போய்த்தான் என்னை விட்டாராம். தலையில் அடித்துக்கொண்டேன், பிறகு சிரித்தேன். நாய் தின்றது.

இன்னொன்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் முழுக்க உன் மாப்பிள்ளை விடிந்ததும் கடப்பாரையோடு போவார், மத்தியானம் மண்ணோடு வருவார். எங்கே என்று கேட்டால் குளிக்கப் போய்விடுவார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே. நேற்றுச் சந்தை முடிந்து ஏறும்போது பார்த்தேன். பாதி ஏற்றத்தில், எனக்கு எப்போதும் உள்ளங்கை அரிக்க ஆரம்பித்த அந்த வளைவில், இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக் கல் போட்டிருக்கிறார். என் தோள் உயரத்துக்கு. சுமைதாங்கி. எந்தக் காலத்திலும் சுமையை இறக்கக் கூடாது என்ற வழியில், அண்ணா!

எனக்கு அரிக்கவில்லை. ஆனாலும் மூட்டையை அதன் மேல் இறக்கி வைத்து, மூச்சு விட்டு நின்றேன். பின்னால் வந்த பொன்னாயி என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். "நானும் வெக்கட்டுமா?" என்றாள். வைத்தாள். அவளுக்குப் பின்னால் பெருமாயி, ஊர்க்கவுண்டர் சம்சாரம், தலையில் உப்பு மூட்டையோடு மூச்சு வாங்க வந்து நின்றார். சோலைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி வெய்யி புள்ள, எனக்கும் எடம் வேணும்" என்றார்.

உன் தங்கை,
அருள்மொழி